யாருக்குக் கிழக்கு? பெயர்களிலும் வரைபடங்களிலும் ஏகாதிபத்தியம்

(மும்பை தாராவியில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



செம்பூரை அடுத்த மாகுல் கரையில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் நிற்கின்றன. மும்பைத் துறைமுகத்தின் ஜவகர் தீவில் வந்து நிற்கும் கப்பல்களிலிருந்து கச்சா எண்ணெய் கடலடிக் குழாய்களின் வழியே இவ்வாலைகளை வந்தடைகிறது. அக்கப்பல்களில் பல பாரசீக வளைகுடாவிலிருந்து அரபிக்கடலைக் கடந்து வருபவை. மும்பையிலிருந்து பார்த்தால் அவை வரும் திசை மேற்கு. துபாய்க்கும் தோகாவுக்கும் வேலை தேடிச் செல்லும் தாராவித் தொழிலாளி ஏறும் விமானமும் மேற்கு நோக்கியே பறக்கிறது. ஆனால் அந்நாடுகளில் போர் மூண்டால், மறுநாள் தமிழ் நாளேடுகள் பலவற்றில் வரும் தலைப்பு "மத்திய கிழக்கில் பதற்றம்" என்பதாகும். மேற்கே இருக்கும் நாடுகள் எப்படிக் கிழக்காயின? யாருக்குக் கிழக்கு? எந்த இரண்டு கிழக்குகளுக்கு நடுவில் இருப்பதால் அது 'மத்திய' கிழக்கு?

இது வெறும் சொல்லாராய்ச்சிக்குரிய கேள்வியன்று. உலகைப் பங்கு போட்டவர்கள் அப்பங்குகளுக்குச் சூட்டிய பெயர்களே இன்றும் பாடநூல்களிலும் செய்தி நிறுவனங்களின் அறிக்கைகளிலும் வழங்குகின்றன. அவற்றின் பிறப்பை அறிவது ஏகாதிபத்தியத்தை அறிவதன் ஒரு பகுதி.

திசையும் நிற்கும் இடமும்

திசைப்பெயர் எதுவும் வானத்திலிருந்து விழுவதில்லை. நிற்பவனின் காலடி மண்ணிலிருந்து பிறக்கிறது. தமிழே இதற்குச் சான்று. 'மேற்கு' என்பது 'மேல்' என்ற சொல்லிலிருந்தும், 'கிழக்கு' என்பது 'கீழ்' என்ற சொல்லிலிருந்தும் தோன்றியவை. மேற்கே உயர்ந்த மலைத்தொடர், கிழக்கே தாழ்ந்து கடலில் இறங்கும் சமவெளி: இதுவே தமிழ் நிலத்தின் அமைப்பு. அந்நிலத்தில் உழுதவனும் நடந்தவனும் உண்டாக்கிய சொற்கள் இவை. அதே தமிழர் மும்பைக்கு வந்து குடியேறியபோது நிலம் தலைகீழாயிற்று. இங்கே மலை கிழக்கில், கடல் மேற்கில். ஆயினும் பழைய சொற்களே தொடர்கின்றன. சொல் பிறந்த இடத்தை மறந்தாலும், சொல் அந்த இடத்தைத் தன்னோடு சுமந்தே திரிகிறது.

வென்றவன் பெயர் சூட்டும் வழக்கம் ஐரோப்பியரோடு தொடங்கியதும் அன்று. இலங்கையின் வடபகுதியை வென்ற இராஜராஜ சோழன் அதற்கு மும்முடிச் சோழமண்டலம் என்று தன் பட்டப்பெயரையே சூட்டினான். பழம்பெருமை பேசும்போது இதை மறைத்துவிடக் கூடாது. ஆனால் மன்னர்களின் பெயர்ப்பலகைகள் அவர்களது படை நின்ற எல்லையோடு நின்றன. படை பின்வாங்கியதும் மறைந்தன. முதலாளித்துவம் உலகச் சந்தையை உருவாக்கியபோதுதான் ஓர் ஒற்றை நகரத்தில் அமர்ந்து உலகம் முழுவதற்கும் திசை குறிக்கும் நிலை வந்தது. 1884 அக்டோபரில் வாஷிங்டனில் கூடிய மாநாடு இலண்டனின் கிரீனிச்சை உலகத் தீர்க்கரேகையின் தொடக்கமாக ஏற்றது. அடுத்த மாதமே பெர்லினில் மற்றொரு மாநாடு தொடங்கியது. ஆப்பிரிக்காவைப் பங்கிடும் விதிகளை வகுத்த அந்த மாநாட்டில் ஆப்பிரிக்கர் ஒருவர்கூட அமர்த்தப்படவில்லை.

இலண்டனிலிருந்து நோக்கினால் துருக்கிப் பேரரசு 'அண்மைக் கிழக்கு'. சீனமும் ஜப்பானும் 'தூரக் கிழக்கு'. இடைப்பட்ட நிலத்துக்கு 'மத்திய கிழக்கு' என்ற பெயரைப் பரப்பியவர் ஆல்பிரட் மகான் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி. 1902 செப்டம்பரில் இலண்டன் இதழ் ஒன்றில் பாரசீக வளைகுடா குறித்து அவர் எழுதிய கட்டுரையில் இச்சொல் வருகிறது. அவருக்கு அங்கு வாழும் மக்களைப் பற்றிய அக்கறை இல்லை. ரஷ்யா தெற்கே இறங்காமல் தடுக்க பிரிட்டிஷ் கடற்படை எங்கே நிற்க வேண்டும் என்பதே அவரது கவலை. அச்சொல்லை எடுத்துக்கொண்டு இலண்டன் 'டைம்ஸ்' ஏட்டில் தொடர்கட்டுரை எழுதினார் வாலன்டைன் சிரோல். 1903இல் அது நூலாயிற்று. அந்நூலின் துணைத்தலைப்பே இந்தியாவின் பாதுகாப்பு பற்றியது. இந்தியா என்ற கொள்ளைப் பெட்டகத்துக்குப் போடப்பட்ட வெளிவாசல் பூட்டே 'மத்திய கிழக்கு'. ஆக, இந்தியாவை அடிமையாக வைத்திருப்பதற்காகப் பிறந்த சொல்லை விடுதலை பெற்ற இந்தியர்கள் இன்னும் உச்சரித்து வருகின்றனர்.

பம்பாயிலிருந்து வரையப்பட்ட வளைகுடா

மகான் பெயர் சூட்டுவதற்கு எண்பது ஆண்டுகள் முன்பே வளைகுடாவை அளந்து படம் வரைந்த நகரம் எது? பம்பாய். 1819இல் கம்பெனியின் பம்பாய் அரசு அனுப்பிய படை ராஸ் அல் கைமாவைத் தாக்கி அழித்தது. அங்கு வாழ்ந்த காசிமி மக்களின் வணிகக் கப்பல்கள் கம்பெனியின் வணிகத்துக்குப் போட்டியாக இருந்தன. அவர்களைக் 'கடற்கொள்ளையர்' என்று முத்திரை குத்தி, அவர்களது கரைக்கே 'கொள்ளையர் கடற்கரை' என்று வரைபடங்களில் பெயரெழுதினர். 1820இல் அங்கிருந்த ஷேக்குகள் உடன்படிக்கையில் கையெழுத்திட வைக்கப்பட்டனர். அதே பத்தாண்டில் பம்பாய்க் கடற்படை அதிகாரிகளான கை, புரூக்ஸ் ஆகியோர் வளைகுடாவின் கரையை முழுவதும் அளந்தனர். 1853இல் நிரந்தரப் போர்நிறுத்த ஒப்பந்தம் ஏற்பட்டது. உடனே 'கொள்ளையர் கடற்கரை' என்பது 'ஒப்பந்தக் கடற்கரை' ஆயிற்று. மக்கள் அதே மக்கள். மணல் அதே மணல். கம்பெனிக்கு அடங்காதபோது கொள்ளையர், அடங்கியதும் ஒப்பந்தக்காரர். அக்கரையே 1971இல் ஐக்கிய அரபு அமீரகம் ஆனது.

1839இல் பம்பாயிலிருந்து சென்ற படை ஏடனைப் பிடித்தது. அரபுத் தீபகற்பத்தின் தென்முனையிலிருந்த அத்துறைமுகம் 1932 வரை பம்பாய் மாகாணத்தின் ஒரு பகுதியாகவே ஆளப்பட்டது. வளைகுடாவின் பல துறைமுகங்களில் 1960கள் வரை இந்திய ரூபாய் புழங்கியது.

இந்தக் கதைக்கு ஒரு மறுமொழியும் உண்டு. 1986இல், ஷார்ஜாவின் ஆட்சியாளரும் காசிமி மரபினருமான சுல்தான் அல் காசிமி, தம் முன்னோர்மீது சுமத்தப்பட்ட 'கடற்கொள்ளை' என்ற பழியை மறுத்து ஓர் ஆய்வு நூல் வெளியிட்டார். அதற்கு அவர் பெரிதும் பயன்படுத்தியவை பம்பாய் ஆவணக்காப்பகத்தின் ஆவணங்கள். அவர் ஒரு மன்னர். உழைப்பாளரின் தரப்பில் நின்று எழுதியவர் அல்லர். எனினும், பெயர் சூட்டியவனின் கோப்புகளிலிருந்தே அப்பெயரைப் பொய்யென்று காட்ட முடியும் என்பதை அந்நூல் மெய்ப்பித்தது.

எண்ணெயும் எல்லைக்கோடும்

1908இல் பாரசீகத்தில் எண்ணெய் கிடைத்தது. 1909இல் ஆங்கிலோ பாரசீக எண்ணெய்க் கம்பெனி பிறந்தது. 1914இல் பிரிட்டிஷ் அரசே அதன் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து இந்தியப் படை ஒன்று கப்பலேறியது. நவம்பரில் அது ஃபாவ் முனையில் இறங்கி, பஸ்ராவைப் பிடித்தது. எண்ணெய்க் குழாய்களைக் காப்பது அப்படையின் நோக்கங்களுள் ஒன்று. அடுத்த நான்கு ஆண்டுகளில் டைக்ரிஸ் கரையில் மடிந்தவர்களில் பெரும்பாலோர் இந்திய உழவர் வீட்டுப் பிள்ளைகள். போருக்குப் பின் பஸ்ராவில் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்திய அதிகாரிகளின் பெயர்களும் இடம்பெற்றன. அதிகாரிகள் அல்லாத முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களோ எண்ணிக்கையாக மட்டுமே குறிக்கப்பட்டனர். ஒரு கண்டத்தின் பகுதிக்கே பெயர் சூட்டிய பேரரசு, அதற்காக உயிர்விட்டவனின் பெயரைக் கல்லில் எழுத மறுத்தது.

படைவீரன் சேற்றில் கிடந்தபோது, இலண்டனில் மார்க் சைக்ஸ், பிரான்ஸ் தரப்பில் பிக்கோ ஆகிய இருவர் வரைபடத்தின்மேல் குனிந்திருந்தனர். 1915 டிசம்பரில் பிரிட்டிஷ் அமைச்சர்களின் முன் சைக்ஸ் விளக்கிய கோடு, படத்தில் அச்சிடப்பட்டிருந்த ஏக்கர் என்ற ஊர்ப்பெயரின் கடைசி எழுத்தில் தொடங்கி கிர்குக் என்ற ஊர்ப்பெயரின் கடைசி எழுத்தில் முடிவது. ஆற்றையோ மலையையோ மக்களையோ எல்லையாகக் கொள்ளவில்லை. அச்செழுத்தை எல்லையாகக் கொண்டனர். 1916 மே மாதம் அது இரகசிய ஒப்பந்தமாயிற்று. அரபு மக்களுக்கு விடுதலை என்று வெளியே வாக்களித்துக்கொண்டே உள்ளே பங்கு பிரித்தனர்.

இதை உலகுக்கு வெளிப்படுத்தியவர்கள் யார்? 1917 நவம்பரில் ஆட்சிக்கு வந்த போல்ஷ்விக்குகள். ஜாரின் வெளியுறவுத் துறைப் பெட்டகத்தைத் திறந்து இரகசிய ஒப்பந்தங்களை நாளேடுகளில் அச்சிட்டனர். பெரும் வல்லரசுகளிடையே உலகம் பங்கிடப்படுவதை அதற்கு முந்தைய ஆண்டில்தான் லெனின் ஏகாதிபத்தியம் பற்றிய தம் நூலில் ஒரு தனி அதிகாரமாக எழுதியிருந்தார். நூலில் கோட்பாடாக இருந்தது, நாளேட்டில் ஆவணமாக வந்து நின்றது. அந்த நவம்பரிலேயே பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைக்கப் பிரிட்டன் ஆதரவளிக்கும் என்ற பால்பர் அறிவிப்பும் வெளியாயிற்று. 1949இல் இஸ்ரேல் அரசு நெகேவ் பாலைவனத்தின் அரபு இடப்பெயர்களை எபிரேயப் பெயர்களாக மாற்றுவதற்கென்றே ஒரு குழுவை அமைத்தது. நிலத்தைப் பறிப்பவன் பெயரையும் பறிக்கிறான். இல்லையேல் பெயர் நிலத்துக்குச் சாட்சி சொல்லும்.

வரைபடம் இல்லாத சீதனம்

மும்பை நகரமும் இந்த வரலாற்றுக்கு வெளியே நிற்கவில்லை. 1661இல் போர்த்துக்கீசிய இளவரசி காதரினை மணந்துகொள்ளும் உடன்படிக்கையில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்குச் சீதனமாகப் பேசப்பட்டது பம்பாய். அந்த அரசவையின் முதன்மை அமைச்சராயிருந்த கிளாரண்டன் பிரபு, பம்பாய் பிரேசிலுக்கு அருகில் இருப்பதாக எண்ணியிருந்தார் என்பது நகர வரலாற்று நூல்கள் எடுத்துரைக்கும் செய்தி. பெறுபவனுக்கு இடம் தெரியாது. கொடுப்பவனுக்கோ அளவில் வழக்கு. சால்செட்டும் தாணேயும் சேர்ந்ததே சீதனம் என்றது ஆங்கிலேயத் தரப்பு. பம்பாய்த் தீவு மட்டுமே என்றது போர்த்துக்கீசியத் தரப்பு. 1665இல்தான் தீவு கைமாறியது. பின்னர் மாகிமையும் ஆங்கிலேயர் தாமே பிடித்துக்கொண்டனர். 1668இல் மன்னர் அனைத்தையும் ஆண்டுக்குப் 10 பவுன் குத்தகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்தார். மீன்பிடித்து வாழ்ந்த கோலி மக்களிடம் எவரும் எதையும் கேட்கவில்லை.

அந்த வழக்கின் கல்சாட்சி தாராவியிலேயே நிற்கிறது. காலா கில்லா என்று பேருந்து நிறுத்தத்தில் எழுதியிருக்கும் பெயர், 1737இல் ஆளுநர் ஜான் ஹார்னின் ஆணைப்படி மித்தி ஆற்றங்கரையில் கட்டப்பட்ட கோட்டையைக் குறிப்பது. கம்பெனியின் பம்பாய்க்கு வட எல்லை அன்று அந்த ஆறு. இன்று நகரத்தின் நெஞ்சுப்பகுதியாக இருக்கும் தாராவி, அன்று வரைபடத்தின் ஓரம்.

'மதராசி' என்ற சொல்

மும்பைத் தமிழரின் உடலில் தழும்பாகப் பதிந்த ஒரு வரைபடப் பெயரும் உண்டு: 'மதராசி'. அது ஓர் இனத்தின் பெயரன்று, மொழியின் பெயருமன்று. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், துளு பேசும் மாவட்டங்களைத் தன் வரிவசூல் வசதிக்காக ஒன்றாகக் கட்டிய கம்பெனி நிர்வாகப் பிரிவின் பெயர். 1966இல் தோன்றிய சிவசேனை அப்பெயரையே வசைச்சொல்லாக்கியது. மாதுங்காவின் எழுத்தரும், உடுப்பி ஓட்டல் தொழிலாளியும், தாராவியின் தோல் தொழிலாளியும் அதற்குப் பலியாயினர். வேலையின்மைக்குக் காரணமான ஆலை முதலாளிகளை விட்டுவிட்டு, அண்டை வீட்டுத் தொழிலாளியை நோக்கிக் கோபத்தைத் திருப்ப அச்சொல் பயன்பட்டது. அதே அரசியலின் வளர்ச்சியில்தான், 1970 ஜூனில் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் படுகொலை செய்யப்பட்டார். அவர் மராத்தியர், ஆலைத் தொழிலாளரின் தலைவர். 'மதராசி' என்ற சொல்லின் குறி யார்மேல் இருந்தது என்பதை இது தெளிவாக்கும்.

அந்த வரைபடத்தை மாற்றி எழுதியவர்கள் மக்களே. பொட்டி ஸ்ரீராமுலுவின் உயிர்த்தியாகத்துக்குப் பின் 1953இல் ஆந்திரம் பிறந்தது. 1956இல் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டன. அவ்வாண்டு விருதுநகரில் தியாகி சங்கரலிங்கனார், தமிழ்நாடு என்று பெயர் சூட்டுவது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக இரண்டரை மாதம் உண்ணாநோன்பிருந்து அக்டோபர் 13 அன்று உயிர்நீத்தார். வங்கத்தைச் சேர்ந்த கம்யூனிஸ்ட் தலைவர் பூபேஷ் குப்தா அப்பெயர் மாற்றத்துக்காக மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 1969 ஜனவரி 14 அன்று அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. இங்கே சம்யுக்த மகாராஷ்டிர இயக்கத்தில் டாங்கேயும் எஸ்.எம். ஜோஷியும் ஆச்சார்ய அத்ரேயும் அண்ணாபாவ் சாத்தேயும் ஒரே அணியில் நின்றனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிர்கொடுத்தனர். 1960 மே 1 அன்று மராத்திய மாநிலம் பிறந்தது. ஃபுளோரா பவுண்டன் சதுக்கம் 'ஹுதாத்மா சௌக்' ஆயிற்று. எல்லா மொழித் தொழிலாளரின் தோழமையையும் பெற்ற இப்போராட்டத்தையும், மொழியின் பெயரால் தொழிலாளரைப் பிளந்த பின்னாளைய அரசியலையும் ஒன்றாக எண்ணுவது பிழை.

ஆகவே எல்லாப் பெயர்மாற்றமும் விடுதலை ஆகிவிடாது. 1995இல் பம்பாய் மும்பையாயிற்று. விக்டோரியா டெர்மினசும் எல்பின்ஸ்டன் ரோடும் புதுப்பெயர் பெற்றன. இதற்கிடையில் ஆலை நிலங்கள் யார் கைக்குப் போயின? ஒரு பெயர்மாற்றத்தை மதிப்பிட இரண்டு கேள்விகள் போதும்: இந்தப் பெயரைக் கேட்டவர்கள் யார்? பெயர் மாறியபின் நிலம் யாரிடம் இருக்கிறது?

எந்தச் சொல்லை எழுதுவது?

பழைய பழக்கம் புதிய உருவிலும் தொடர்கிறது. 'தென்கிழக்கு ஆசியா' என்ற பெயர் அரசியல் வழக்கில் வேரூன்றியது 1943இல் மவுண்ட்பேட்டன் தலைமையில் அமைக்கப்பட்ட போர்த் தலைமையகத்தால். பின்னர் அப்பகுதி நாடுகளே அதைத் தமதாக்கிக்கொண்டன. 2018 மே மாதம் அமெரிக்கா தன் பசிபிக் படைத்தலைமையகத்தின் பெயரை 'இந்தோ பசிபிக்' என்று மாற்றியது. பெயருக்குள் இந்தியாவை இழுத்ததன் நோக்கம் சீனத்துக்கு எதிரான அணியில் இந்தியாவை நிறுத்துவது. தில்லியின் ஆட்சியாளர்கள் அதை ஒரு பெருமையாகவே ஏற்றுக்கொண்டனர்.

மொழிபெயர்ப்பவரின் மேசைக்கு இச்சொற்கள் நாள்தோறும் வருகின்றன. செய்தி நிறுவனம் எழுதியதை அப்படியே தமிழாக்கினால் 'மத்திய கிழக்கு'. ஆசியாவில் நின்று எழுதினால் 'மேற்கு ஆசியா'. இந்திய வெளியுறவுத் துறை ஆவணங்களில்கூட வழங்குவது பின்னதே. இடதுசாரி ஏடும் இதையே உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டும். சொல்லை மாற்றினால் குண்டுவீச்சு நின்றுவிடாது. ஆனால், தூரத்துக் கிழக்கில் யாரோ சாகிறார்கள் என்ற எண்ணம் மாறும். கடலுக்கு அப்பால் அண்டை வீட்டில் நடக்கும் கொலை என்பது தெரியும்.

தாராவியின் வரைபடம்

வரைபடத்தின் அதிகாரத்தை இன்று நேரில் காண விரும்புவோர் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 1976இல், அவசரநிலைக் காலத்தில், செம்பூருக்கு அப்பால் அணுசக்தி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி அப்புறப்படுத்தப்பட்டது. தமிழர் பலர் உள்ளிட்ட பல்லாயிரம் மக்கள் சீத்தா கேம்பில் கொண்டுபோய் விடப்பட்டனர். ஒரு குடியிருப்பு வரைபடத்திலிருந்து மறைந்தது.

தாராவியை உலகம் 'ஆசியாவின் மிகப்பெரிய குடிசைப்பகுதி' என்று அழைக்கிறது. தோல் பொருளும் மண்பாண்டமும் ஆயத்த ஆடையும் செய்து, நகரத்தின் கழிவை மறுபயனுக்கு மாற்றும் ஒரு தொழில் நகரத்துக்குச் சூட்டப்பட்ட பெயர் அது. அப்பெயர் நிலைத்தால்தான் அப்புறப்படுத்துவது முன்னேற்றமாகத் தோன்றும். மறுமேம்பாட்டுத் திட்டத்தை நடத்தும் நிறுவனத்தில் 80 விழுக்காடு அதானி குழுமத்தின் பங்கு. 20 விழுக்காடு மாநில அரசின் பங்கு. 2024 மார்ச்சில் வீடுவீடான கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முந்திய தரைத்தளக் குடியிருப்பாளருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. அதற்குப் பின் வந்தோருக்குத் தாராவிக்கு வெளியே. அவர்களுக்கென உப்பள நிலங்களும் தேவ்னார் குப்பைமேட்டு நிலமும் ஒதுக்கப்பட்டுள்ளன. 'தகுதியுள்ளவர்', 'தகுதியற்றவர்' என்ற இரண்டு சொற்கள் ஒரு குடும்பத்தின் வாழ்நாளைத் தீர்மானிக்கின்றன. கடற்கொள்ளையர், ஒப்பந்தக்காரர் என்று பம்பாய் அரசு ஒருகாலத்தில் பிரித்ததும் இத்தகைய சொற்களால்தான்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. கணக்கெடுப்பின் வரைபடமும் பட்டியலும் தெருத்தெருவாக ஒட்டப்பட வேண்டும். அவை மராத்தி, இந்தி, தமிழ் உள்ளிட்ட மக்களின் மொழிகளில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சந்தும் அங்கு வாழ்பவர் வழங்கும் பெயரோடு குறிக்கப்பட வேண்டும். மாடியில் குடியிருப்பவரும், வாடகைக்கு இருப்பவரும், பட்டறையில் உறங்கி உழைப்பவரும் வரைபடத்தில் இடம்பெற வேண்டும். மறுப்பு எழுப்ப உரிய காலம் தரப்பட வேண்டும். தோழர்கள் ஒவ்வொரு சந்திலும் அமர்ந்து, யார் எந்த ஆண்டிலிருந்து எங்கே வாழ்கிறார் என்பதைத் தாங்களே எழுதி, தாங்களே ஒரு வரைபடம் தயாரிக்க வேண்டும். அரசின் பட்டியல் வெளிவரும் நாளில், அதோடு ஒப்பிட்டுப் பார்க்க மக்களின் கையிலும் ஒரு பட்டியல் இருந்தாக வேண்டும். அப்பணியை இந்த மாதமே தொடங்க வேண்டும்.